உப்புக் காற்றில் ஒரு பழைய கார்

வரும் ஏப்ரல் மாதத்தோடு என் காரின் பதிவுச் சான்று காலாவதியாகிறது. 2011-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வாங்கிப் பதிவு செய்த டீசல் கார் அது. இதுவரை ஓடிய தொலைவு 2 லட்சத்து 48 ஆயிரம் கிலோமீட்டர். மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர், வாகனம் ஓடத் தகுதியானது என்று ஆய்வில் உறுதியானால், ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டிப்பதா, வண்டியை விட்டுவிடுவதா என்பதுதான் ஆறு மாதங்களாக எங்கள் வீட்டுப் பேச்சு.

எண்பத்திரண்டு வயதான என் தாயாரை மாதம் இருமுறை சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்கிறேன். போக வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பேருந்துப் படியேற அவரால் இயலாது. ஆகவே வண்டி நடுவழியில் நிற்காததாக இருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்றவனின் கைக்கு அடங்கியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று இழுபடும் நிலையில் இருப்போர் இக்கடற்கரை ஊர்களில் என்னைப் போலப் பலர் உண்டு என்பதால், நான் போட்ட கணக்கையும், அந்தக் கணக்கு எந்த இடத்தில் பொய்த்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வதந்தியைத் தள்ளிவிடலாம். '15 ஆண்டு ஆனால் காரை உடைத்துவிடுவார்கள்' என்று தேநீர்க் கடைகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். தில்லியில் பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசல் காருக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு காற்று மாசு வழக்குகளின் விளைவாக வந்தது. அரசுத் துறைகளுக்குச் சொந்தமான வாகனங்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் கலந்துதான் இந்த வதந்தி பிறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் காருக்கு வயது ஒன்றே முடிவு அல்ல. தகுதி ஆய்வில் தேற வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. வாகனம் 20 ஆண்டைக் கடந்தால் அதற்கும் இருமடங்கு என 2025-இல் மாற்றினார்கள். இவற்றோடு மாநில அரசின் பசுமை வரியும் உண்டு. பழைய வண்டியை வைத்திருப்பதை அரசு தடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விலையேற்றுகிறது, அவ்வளவே.

அடுத்து, கிலோமீட்டர். இரண்டரை லட்சம் என்றதும் கேட்பவர் முகம் சுளிக்கிறார். ஆனால் எல்லாக் கிலோமீட்டரும் ஒன்றல்ல. கப்பல் முகவர் நிறுவனமொன்றில் பணியாற்றிய நான், அலுவல் காரணமாகத் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நான்குவழிச் சாலையில் ஓடிய தொலைவே அதில் பெரும்பகுதி. இஞ்சின் சூடேறி, ஒரே வேகத்தில், கிளட்சையும் பிரேக்கையும் அதிகம் மிதிக்காமல் ஓடும் நூறு கிலோமீட்டர், இஞ்சினுக்குப் பெரிய தேய்மானம் அல்ல. மாறாக, காலையில் குளிர்ந்த இஞ்சினை முடுக்கி இரண்டு தெரு தள்ளியிருக்கும் சந்தைக்குப் போய் நிறுத்துவது, எண்ணெய் சரியாகப் பரவும் முன்பே முடிந்துவிடும் ஓட்டம். அத்தகைய ஓட்டத்தால் 60 ஆயிரம் கிலோமீட்டரிலேயே களைத்துப்போன கார்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயையும் வடிகட்டிகளையும் காலந்தவறாமல் மாற்றிய டீசல் இஞ்சினுக்கு இரண்டரை லட்சம் என்பது முதுமைதான், மரணம் அல்ல.

இனி பணக் கணக்கு. என் காரைப் பழுதுபார்க்க 2023-இல் 34 ஆயிரம், 2024-இல் 71 ஆயிரம், 2025-இல் 46 ஆயிரம் ரூபாய் செலவானது. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 50 ஆயிரம். '71 ஆயிரமா! வண்டியே ஒன்றரை லட்சத்துக்குப் போகாதே' என்று உறவினர் ஒருவர் அதிர்ந்தார். நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறோம். நான் வண்டியை விற்கப் போவதில்லை என்றால் அந்த விலை எனக்கு எதையும் சொல்லாது. ஒப்பிட வேண்டியது, இந்த வண்டியை இன்னும் ஓராண்டு ஓட்ட ஆகும் செலவையும், இதற்குப் பதிலாக வருவதை ஓராண்டு ஓட்ட ஆகும் செலவையும்தான்.

புதிய கார் ஒன்று எல்லாச் செலவும் சேர்த்து 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பை அறியக் காப்பீட்டுத் துறையிலேயே ஓர் அட்டவணை உண்டு. ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என்று காரின் மதிப்பைக் கழித்தே இழப்பீட்டுத் தொகையை வரையறுக்கிறார்கள். சந்தை விலை இதற்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். எனினும் நல்ல அளவுகோல். இதன்படி ஐந்தாண்டில் நாலரை லட்சம் கரைகிறது. ஆண்டுக்கு 90 ஆயிரம். அந்த 9 லட்சம் வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குக் கிடந்தால் முதல் ஆண்டில் வரக்கூடிய 58,500 ரூபாயும் போகிறது. கடன் வாங்கினால் வட்டி இன்னும் கூடுதல். புதிய காருக்கான முழுக் காப்பீட்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. புதிய கார் ஒருநாள்கூடப் பட்டறைக்குப் போகாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் நாம் அதைச் செலவாகவே கருதுவதில்லை. மெக்கானிக்கிடம் எண்ணிக் கொடுக்கும் பணம்தான் வலிக்கிறது.

'எரிபொருள் மிச்சமாகுமே' என்பார்கள். ஆண்டுக்கு 8 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் எனக்கு, லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தரும் பழைய வண்டி 470 லிட்டர் குடிக்கிறது. 20 தரும் புதிய வண்டி 400 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 7 ஆயிரம் ரூபாய். இதற்காக யாரும் கார் மாற்ற வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு - சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மையில் பெரிய சலுகை. ஆனால் அதையும் சேர்த்துத்தான் மேலே கண்ட 9 லட்சம்.

பெட்ரோல் கார் வைத்திருப்போருக்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிய கவலை தனியாக உண்டு. 2023-க்கு முந்திய கார்கள் பெரும்பாலும் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. அக்கார்களில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. பழைய ரப்பர்க் குழாய்களை ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது. அதுவும் காரையே மாற்றுவதற்கான காரணம் ஆகாது.

ஆக, காகிதத்தில் பழைய கார் வென்றது. பதிவை நீட்டிப்பது என்று அக்டோபரில் முடிவெடுத்து, ஆய்வுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பட்டறைக்குக் கொண்டு போனேன்.

வழக்கமாக முன்மூடியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக், அன்று வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளவாக்கில் பெட்டிபோல ஓடும் இரும்புப் பகுதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வண்ணப்பூச்சு பளபளவென்றே இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் திருப்புளியை வைத்து உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். திருப்புளி பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே போயிற்று. 'இஞ்சின் இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் அண்ணாச்சி. அதைத் தூக்கிட்டுப் போறதுக்கு வண்டிதான் இருக்காது' என்றார்.

இந்த ஊரில் வாழ்பவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஒருபுறம் மன்னார் வளைகுடா. மறுபுறம் நகரைச் சுற்றி உப்பளங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு தரும் பகுதி இது. காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள் இரும்பின்மேல் படிகிறது. உலர்ந்த உப்பு தனியே பெரிய கேடு செய்வதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடுகிறது. மழை பெய்யாத நாளிலும் இரவு முழுவதும் இரும்பின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் கிடக்கும். அப்படலம் மின்சாரத்தை நன்கு கடத்தும். துரு என்பதே ஒருவகை மின்வேதி வினை என்பதால் வினை விரைவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பது. ஆகவே பூச்சை உப்பவைத்து உதிர்த்து அடுத்த அடுக்கைத் திறந்துகொடுக்கிறது. இந்த அரிப்பை ஆராயவே, காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் வைத்திருக்கிறது. கடலுக்குள் இருக்கும் இரும்புக்கு அவ்வளவு அக்கறை காட்டும் ஊரில், கரையில் நிற்கும் இரும்பை நாம் வாரம் ஒருமுறை மேற்புறம் மட்டும் துடைத்துக் கொண்டிருக்கிறோம்.

என் காருக்கு வேறொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது; காரின் இருக்கை அடிவரை ஏறியது. வெள்ளத்தில் நின்ற காரை உடனே முடுக்கக் கூடாது, இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளுறுப்பு வளைந்துவிடும் என்று அறிந்திருந்ததால், இழுத்துச் சென்றே பட்டறையில் விட்டோம். இஞ்சின் தப்பியது. 2024-இன் 71 ஆயிரம் ரூபாய்க் கணக்கு அதுதான். ஆனால் தரை விரிப்பைக் கழற்றி உலர்த்தியபோது, அந்தப் பெட்டிப் பகுதியின் வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே தேங்கிய சேறு இரண்டு ஆண்டு ஈரமாகவே இருந்திருக்கிறது. விரலளவுத் துளைகள், ஒரு கம்பியால் குத்திவிட்டிருந்தால் போதும். அதை நினைக்க இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

'துருதானே, தகடு வைத்துப் பற்றவைத்தால் போயிற்று' என்று கேட்கலாம். நானும் கேட்டேன். லாரியிலும் பழைய ஜீப்பிலும் சேஸிஸ் என்ற தனிச் சட்டம் கீழே உண்டு. மேற்கூடு அதன்மேல் அமர்ந்திருக்கும். இன்றைய கார்களில் அப்படி இல்லை. கூடே எலும்புக்கூடு. மோதலின்போது விசையை வாங்கிப் பின்னே கடத்துவது அந்தப் பெட்டிப் பகுதிகள்; இருக்கைப் பட்டையின் பிடிப்பும் அதை ஒட்டிய தரையில்தான். கதவிலோ மட்கார்டிலோ துரு என்றால் டிங்கரிங் செய்து பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம். அழகுப் பிரச்னையோடு முடிந்தது. எலும்பில் துரு என்றால், 60 ஆயிரம் செலவழித்துப் பற்றவைத்த பிறகும் அது பழைய வலுவோடு இருக்கிறதா என்று சொல்ல உள்ளூர்ப் பட்டறையில் எந்தக் கருவியும் இல்லை. என் காரில் காற்றுப்பையும் கிடையாது. ஓட்டுநருக்கான காற்றுப்பை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். முன்னிருக்கைப் பயணிக்கு 2021 இறுதியில். ஆண்டுக்கு ஒரு லட்சம் மிச்சம் என்று நான் போட்ட கணக்கில், முன்னிருக்கையில் அமரும் என் தாயாருக்கு ஒரு வரிகூட இல்லை என்பது திருப்புளி உள்ளே போன பிறகே உறைத்தது.

நம் தோணிக்காரர்கள் இதைவிடத் தெளிவானவர்கள். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு இக்கடலில் நின்றுபோனது. மரத் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகின்றன. ஒரு தோணியைப் பற்றி விசாரிப்பவர் அது எத்தனை நடை போய்வந்தது என்று முதலில் கேட்பதில்லை. கரையேற்றி, அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிறார். பலகை கெட்டிருந்தால் அந்தப் பலகையை மாற்றுகிறார், இடுக்குகளை அடைக்கிறார். மரத்தில் அது இயலும். ஒரே வார்ப்புபோல் இணைத்துப் பற்றவைத்த காரில் இயலாது.

ஆகவே, கடற்கரை ஊர்களில் பழைய காரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு என் வேண்டுகோள், வரிசையை மாற்றுங்கள் என்பதே. முதலில் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். எலும்பு கெட்டியாக இருந்தால், இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, கிலோமீட்டரைப் பற்றிக் கவலைப்படாமல் ஆண்டுச் செலவுக் கணக்கைப் போடுங்கள். அநேகமாகப் பழைய கார்தான் வெல்லும். எலும்பு போயிருந்தால் கணக்கே வேண்டாம். 'இப்போதுதானே கிளட்ச் மாற்றினேன்' என்று மனம் முரண்டு பிடிக்கும். அந்தப் பணம் எப்படியும் போய்விட்டது; அதற்காக மேலும் போட வேண்டியதில்லை. இன்னொன்று, துருவின்மேலேயே கறுப்பு ரப்பர்ப் பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்வோர் உண்டு. அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும் வேலை. பூச்சு என்றால் வண்டி புதிதாக இருக்கும்போதே வேண்டும். பின்னாளில் உதவுவது, வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுவதும், வடிகால் துளைகளைக் குத்திவிடுவதும், மழைக்காலத்தில் கால்மிதியைத் தூக்கி உலர்த்துவதும்தான்.

எந்தக் கார் என்ற கேள்வி எஞ்சியது. எங்கள் ஊர் சிப்காட்டிலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலையை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி முதல்வர் திறந்துவைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கள் என்பது திட்டம். துறைமுகத்துக்கும் உப்புக்கும் பேர்போன ஊர் கார் ஊராகவும் ஆவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அங்கு உருவாகும் கார்கள் 16 லட்சத்துக்கு மேல். என் பேரன் வாங்கட்டும். நான் எடுத்த முடிவு, மூன்று ஆண்டு ஓடிய சிறிய பெட்ரோல் கார். மதிப்பு வேகமாகச் சரியும் முதல் மூன்று ஆண்டுச் சரிவை வேறொருவர் தாங்கியிருப்பார், காற்றுப்பைகள் இருக்கும், எத்தனால் கலப்புக்கும் ஏற்றதாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி வேண்டாம். மதுரை, விருதுநகர் போன்ற உள்நாட்டுப் பதிவெண் உள்ள, வெள்ளம் காணாத வண்டியே வேண்டும்.

பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றார்கள். அந்தச் சொல்லே எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்து வணிகர்களிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஆனால் பதிவை ரத்து செய்யாமல் கடையில் தள்ளினால், காகிதத்தில் அது என் வண்டியாகவே இருக்கும்; அதன் எண்ணில் யார் என்ன செய்தாலும் முகவரி என்னுடையது. அழிந்துபோன வாகனத்தைப் பற்றிப் பதினான்கு நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புதிய கார் வாங்குவோருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என மத்திய விதி உண்டு. பழைய கார் வாங்கும் எனக்கு அது பயன்படாது. எனினும் அந்த வழியாகவே கொடுக்கப் போகிறேன்.

சென்ற வாரம் மதுரையில் ஒரு வண்டி பார்த்தேன். 41 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. விற்பவர் குளிர்சாதனத்தையும் பாட்டுப் பெட்டியையும் காட்டிக்கொண்டிருக்க, நான் கைவிளக்கோடு கீழே படுத்தேன். அவருக்குச் சற்று வேடிக்கையாக இருந்திருக்கும். அடிப்பக்கம் சுத்தம், வடிகால் துளைகள் திறந்திருந்தன. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விவரித்தபோது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: 'சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்குமோ? எந்திரிக்க முடியணுமே.' அதை நான் பார்க்கவே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு மறுபடியும் மதுரைக்குப் போகிறேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு, வாடகைக் காரில்.